கலிமாவின் இலக்கணமும் பிரெஞ்சுத் தேர்வும்





ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு நெருங்கும்போது மதரஸா ஆசிரியர்கள் அனைவரும் கேட்கும் ஒரு வாசகம் உண்டு. "ஹஜ்ரத், பரீட்சை முடியுற வரைக்கும் பிள்ளை ஓத வரமாட்டான். முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறேன்." சொல்லும் பெற்றோர் மரியாதையுடன்தான் சொல்கிறார்கள். ஆனால், தேர்வு முடிந்தபின் திரும்பி வரும் பிள்ளைகள் மிகச் சிலரே. தனிப்பயிற்சி வகுப்புக்கும் மதரஸாவுக்கும் ஒரே மாலைப்பொழுதுதான் இருக்கிறது. அந்தப் போட்டியில் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கப்படுவது மதரஸாவே.

இவ்வாண்டு அந்தக் கேள்வி என் குடும்பத்திலிருந்தே வந்தது. என் தங்கை மகள் புதுச்சேரியின் பிரெஞ்சு லிசேயில் பதினோராம் வகுப்புக்கு நிகரான 'புரோமியேர்' வகுப்பில் படிக்கிறாள். 1826இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்விக்கூடத்தைப் பற்றி நம் ஊர் மக்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கு பயிலும் பிள்ளைகள், பிரான்சில் பயிலும் பிள்ளைகள் எழுதும் அதே பாக்கலோரேயா தேர்வையே எழுதுகிறார்கள். அதில் பிரெஞ்சு மொழிக்கான பகுதி ஓராண்டு முன்னதாக, புரோமியேர் வகுப்பின் முடிவில் நடைபெறுகிறது. டிசம்பரில் நடந்த மாதிரி வாய்மொழித் தேர்வில் அவளுக்கு இருபதுக்கு எட்டு மதிப்பெண். அன்றிரவு என் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணே, ஜூன் வரைக்கும் அவ ஓதுறதை நிறுத்திடலாமா?"

அவளுடைய கவலையை நான் எளிதாக எண்ணவில்லை. அந்தக் குடும்பத்தில் பிரெஞ்சு மொழி வெறும் பாடமன்று. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணில் பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டது. அவளுடைய தந்தைவழிப் பாட்டனார் அவ்வாறு தேர்ந்துகொண்டவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். ஊர்மொழியில் சொன்னால் 'சொல்தா'. அவர் மறைந்தபின் பாட்டியாருக்கு ஓய்வூதியம் வருகிறது. ஆனால், பாட்டியாருக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. உயிர்வாழ் சான்று கேட்டு வரும் கடிதம், நான்த் நகரத்திலுள்ள பதிவகத்திலிருந்து வரும் தாள்கள் என எது வந்தாலும், ஒரு காலத்தில் தெருக்கோடியில் இருந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் காத்திருப்பார்களாம். கையில் அந்நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தும், அந்நாட்டின் கடிதத்தைப் படிக்க இன்னொருவரின் தயவு வேண்டியிருந்தது. இப்போது அக்கடிதங்களைப் படித்துச் சொல்பவள் என் தங்கை மகள். அவளுடைய வாப்பா பாரீஸ் புறநகரில் வேலை செய்கிறார். மகள் அங்கு சென்று மேற்படிப்புப் படிக்கவேண்டும் என்பது அவரது ஆசை. எனவே அந்த எட்டு மதிப்பெண் அவ்வீட்டில் பெரிய இடியாக இறங்கியது.

நான் தங்கையிடம் ஒன்றே சொன்னேன்: "நிறுத்துவதை அப்புறம் முடிவு செய்வோம். முதலில் அந்தத் தேர்வு என்ன கேட்கிறது என்று எனக்குச் சொல்லட்டும்."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. புதுவையின் தெருப்பலகைகளைப் படிக்கும் அளவே என் அறிவு. தேங்காய்த்திட்டில் என் வீட்டுத் திண்ணையில், மஃரிபுக்குப் பிறகு, அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து விளக்கத் தொடங்கினாள். துறைமுகத்துக்குச் செல்லும் ஐஸ் வண்டிகளின் ஓசைக்கு நடுவே அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க, இது எனக்கு நன்கு பழகிய ஒன்றாயிற்றே என்ற வியப்பே மேலிட்டது.

தேர்வு இரு பகுதிகள் கொண்டது. எழுத்துத் தேர்வு நான்கு மணி நேரம். வாய்மொழித் தேர்வு இருபது நிமிடம். அதற்கு முன் முப்பது நிமிடம் ஆயத்தம் செய்துகொள்ளலாம். மொத்தம் 100 எடை கொண்ட பாக்கலோரேயாவில் இவ்விரண்டுக்கும் தலா 5 எடை. வாய்மொழித் தேர்வில், ஆண்டு முழுதும் படித்த பகுதிகளிலிருந்து ஒன்றைத் தேர்வாளர் எடுத்துக் கொடுப்பார். அதை உரக்க வாசிப்பதற்கு 2 மதிப்பெண்; வரிக்கு வரி விளக்குவதற்கு 8; அதிலுள்ள ஒரு தொடரின் இலக்கணத்தைப் பிரித்துக் காட்டுவதற்கு 2; மாணவர் தாமே தேர்ந்துகொண்ட ஒரு நூலைப் பற்றிய உரையாடலுக்கு 8.

மதரஸாவில் கிதாபு ஓதியவர்களுக்கு இது புரிந்திருக்கும். நாம் உஸ்தாதின் முன் அமர்ந்து முதலில் இபாரத் வாசிக்கிறோம். வாசிப்பில் ஒரு ஹரகத் பிசகினால் உஸ்தாது அங்கேயே நிறுத்திவிடுவார். பிறகு சொல்லுக்குச் சொல் பொருள் கூறி விளக்குகிறோம். பின்னர் தர்கீப்: எது எழுவாய், எது செயப்படுபொருள், இச்சொல்லுக்கு ஏன் இந்த இஃராப் என்று பிரித்துக் காட்டுகிறோம். இறுதியில் உஸ்தாது கேள்வி கேட்பார், நாம் பதிலளிப்போம். மொழி வேறு, நூல் வேறு. பாடம் கேட்கும் முறை ஒன்றே.

வாசிப்பிலிருந்து தொடங்கினோம். பிரெஞ்சுச் சொற்களின் இறுதி மெய் பல இடங்களில் ஒலிக்காது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் உயிர்பெற்று எழும். 'சிறிய' என்னும் பொருளுடைய சொல் தனியே நின்றால் 'பெத்தி'. அதையடுத்துக் குழந்தை என்னும் சொல் வந்தால், மறைந்திருந்த 'த்' வெளிப்பட்டு 'பெத்தித்தான்ஃபான்' ஆகிவிடும். இந்த இடத்தில் அவள் எப்போதும் தடுமாறுவாள். நான் அவளிடம் 'ரஹ்மத்' என்ற சொல்லை நினைவூட்டினேன். அதன் இறுதியிலுள்ள வட்டத் தாவில் நிறுத்தினால் 'ஹ்' என்றும், சேர்த்து ஓதினால் 'த்' என்றும் ஒலிக்கிறதல்லவா? வக்ஃபு, வஸ்லு என்று ஏழு வயதில் அவள் கற்ற விதிதான் அது. எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்று தன் பிரெஞ்சுப் பகுதிகளில் பென்சிலால் குறியிடத் தொடங்கினாள். தஜ்வீதுடன் ஓதிப் பழகிய நாவுக்கு இது புதிதன்று. அந்தப் பழக்கம் இங்கும் உதவும் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவே.

அடுத்து இலக்கணம். பிரெஞ்சு வினைச்சொல் சில இணைப்புச் சொற்களுக்குப் பின் வேறு வடிவம் கொள்கிறது. 'நீ புரிந்துகொள்கிறாய்' என்பதில் ஒரு வடிவம். 'நீ புரிந்துகொள்வதற்காக' என்று 'புர் கெ' சேர்ந்து வந்தால் இன்னொரு வடிவம். இதற்கான பட்டியலை அவள் மனப்பாடம் செய்து மறந்துகொண்டே இருந்தாள். அரபியில் 'தஃப்ஹமு' என்பது முளாரிஃ. அதன் முன் 'லிகை' வந்துவிட்டால் 'தஃப்ஹம' என்று நஸ்பு பெறுகிறது. நோக்கத்தைக் குறிக்கும் சொல் முன்னே வந்து வினையின் வடிவத்தை மாற்றுகிறது. இரு மொழிகளும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. எனினும், ஒரு சொல் இன்னொரு சொல்லின்மீது செலுத்தும் ஆட்சியை, அதாவது 'ஆமில்' என்பதை, அறிந்த பிள்ளை பட்டியலை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை, காரணத்தைத் தேடலாம்.

இவற்றையெல்லாம் நான் சொன்னேன். ஆனால், மிக முக்கியமான ஒன்றை அவள்தான் எனக்குச் சொன்னாள். இவ்வகுப்பின் இலக்கணப் பாடங்களுள் எதிர்மறையும் ஒன்று. பிரெஞ்சில் எதிர்மறைக்கு வழக்கமாக வினைக்கு முன்னும் பின்னும் இரு சொற்கள் வரும்: 'நெ', 'பா'. ஆனால், 'பா' இருக்குமிடத்தில் 'கெ' வந்தால் பொருள் மாறிவிடும். 'நான் தண்ணீர் மட்டுமே குடிக்கிறேன்' என்பதற்கு 'ஜெ நெ புவா கெ த லோ' என்பார்கள். முதலில் 'குடிப்பதில்லை' என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பிறகு தண்ணீரை மட்டும் விட்டுவைக்கும் தொடர் அது. அதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "மாமா, இது நம்ம கலிமா மாதிரியே இருக்கு" என்றாள்.

ஸுப்ஹானல்லாஹ்! 'லா' என்று எல்லாவற்றையும் மறுத்து, 'இல்லா' என்று ஒருவனை மட்டும் நிலைநிறுத்தும் நஃப்யு, இஸ்பாத் அமைப்பை நான் எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 'அல்லாஹ் இறைவன்' என்று மட்டும் சொல்வதற்கும், முதலில் மனத்தைக் காலிசெய்துவிட்டு அவனை மட்டும் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சு முஸ்லிம்கள் கலிமாவின் பொருளைத் தம் மொழியில் சொல்லும்போது இதே 'நெ', 'கெ' அமைப்பையே கையாளுகிறார்கள் என்று அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். தாயின் மடியிலிருந்து சொல்லிவந்த கலிமாவின் பொருள் ஒரு பிரெஞ்சு இலக்கணக் கேள்வியின் வழியே அவளுக்குக் கூர்மையாகத் துலங்கியது. மதரஸா தேர்வுக்கு உதவும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தேர்வும் மதரஸாவுக்கு உதவும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இனி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் எளிது. அது அல்லாஹ் தந்த நிஃமத். ஆனால், இத்தேர்வில் அதுமட்டும் போதாது. டிசம்பரில் அவளுக்கு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், வகுப்பில் தரப்பட்ட விளக்கத்தை அவள் அப்படியே ஒப்பித்ததுதான். "இந்தச் சொல்லை ஆசிரியர் ஏன் இங்கே வைத்தார் என்று நீ நினைக்கிறாய்?" என்று கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. ஹிஃப்ளு வேறு, ஃபஹ்மு வேறு என்பதை நாம் வகுப்பில் சொல்கிறோமே தவிர, பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்குகிறோமா என்று மதரஸா ஆசிரியர்களாகிய நாமும் சிந்திக்கவேண்டும். நான்கு மணி நேர எழுத்துத் தேர்வில் ஒரு கருத்தை எடுத்து, அதற்கு ஆதரவும் எதிர்ப்பும் சொல்லி, சொந்த முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இமாம்களின் கருத்து வேறுபாடுகளையும் ஒவ்வொருவரின் ஆதாரத்தையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் முறை நம்மிடம் இருக்கிறது. ஆனால், அதைப் பெரிய வகுப்புகளுக்கென்று ஒதுக்கிவைத்து, சிறுவர்களுக்கு முடிவை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

நண்பர் ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார்: "நாடகமும் நாவலும் காதல் கவிதையும் படிக்கச் சொல்கிறார்களே, அது பிள்ளையைக் கெடுக்காதா?" நியாயமான அச்சம்தான். ஒரு நூலை விளக்குவது வேறு, அதை ஏற்பது வேறு. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளில் மதுவும் குலப்பெருமையும் நிறைந்திருந்தும், அரபு மொழியை ஆழக் கற்க விரும்பும் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். குர்ஆனின் அரிய சொற்களுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அந்தப் பழங்கவிதையிலிருந்து சான்று காட்டியதைத் தஃப்ஸீர் நூல்கள் குறிப்பிடுகின்றன. பிள்ளை தனியே படித்துத் தனியே குழம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவருடன் பேசிப் படித்தால் அந்த ஆபத்து குறையும்.

உரையாடலுக்காக அவள் தேர்ந்துகொண்ட நூல், கிராஃபின்யி என்னும் பெண்மணி 1747இல் வெளியிட்ட 'பெரு நாட்டுப் பெண்ணின் கடிதங்கள்'. ஸிலியா என்ற இன்கா இளவரசி சிறைப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டுவரப்படுகிறாள். தன் நாட்டு முறைப்படி நூலில் முடிச்சுகள் இட்டுக் கடிதம் எழுதுகிறாள். நூல் தீர்ந்துபோகிறது. பிறகு பிரெஞ்சு மொழியைக் கற்று அதில் எழுதத் தொடங்குகிறாள். மொழியைக் கற்றபின் அவள் அந்நாட்டாரைப் போலவே மாறிவிடுவதில்லை. அவர்களுடைய வழக்கங்களை அவர்களுடைய மொழியிலேயே எடைபோட்டுப் பார்க்கிறாள். இறுதியில், தன்னை மணக்க விரும்பிய பிரெஞ்சுக்காரனுக்கு நட்பை மட்டும் அளித்துத் தன் விருப்பப்படி வாழ்கிறாள். "ஏன் இந்த நூலை எடுத்தாய்?" என்று கேட்டேன். "மொழி கத்துக்கிட்டாலும் அவ அவளாவே இருந்தா, மாமா" என்றாள். தேர்வாளரிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

நம்மில் சிலர் அந்நிய மொழியை ஈமானுக்கு எதிரியாகப் பார்க்கிறோம். வேறு சிலர் விசாவுக்கான வழியாக மட்டும் பார்க்கிறோம். மொழிகளின் வேறுபாட்டை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரத்துர் ரூமின் 22ஆம் வசனத்தில் குறிப்பிடுகிறான். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்து, நபியவர்களுக்காகக் கடிதங்களைப் படித்தும் எழுதியும் கொடுத்தார் என்று ஹதீஸில் வருகிறது. அவருடைய மொழியறிவு ஓர் அமானிதப் பணியாக இருந்தது. நம் நாட்டு ஹைதராபாத்தில் 1908இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள் பாரீஸில் வாழ்ந்து, 1959இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். நபியவர்களின் வரலாற்றையும் அம்மொழியில் இரு பாகங்களாக எழுதினார்கள். பாட்டியாரின் ஓய்வூதியக் கடிதத்தைப் பிழையின்றிப் படித்துச் சொல்லும் பெண்ணும், தன்னளவில், அந்த அமானிதத்தையே சுமக்கிறாள்.

இந்த அனுபவத்திலிருந்து பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். லிசேயில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கும், 1889 முதல் நம் ஊரிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் பயின்று 'டெல்ஃப்' தேர்வுக்குத் தயாராவோருக்கும் இவை பொருந்தும்.

உங்களுக்கு அந்த மொழி தெரியாதது ஒரு குறையன்று. பிள்ளையை எதிரில் அமர்த்தி, படித்ததைத் தமிழில் உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்தால் என்ன கெட்டுவிடும் என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று பொருள். பிறகு அதையே பிரெஞ்சில் சொல்லச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். நாளொன்றுக்கு ஒரு பகுதியை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். கண்ணால் மட்டும் படித்த பாடம் வாய்மொழித் தேர்வில் கைகொடுக்காது. மதரஸா நேரத்தைக் குறைக்கவேண்டியிருந்தால் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நாங்கள் வாரத்தில் ஐந்து நாளை மூன்றாக்கினோம். குர்ஆன் ஓதுவதில் ஒரு நாளும் விடவில்லை.

பேச அஞ்சும் பிள்ளைகளுக்கு மூஸா (அலை) அவர்களின் துஆவைக் கற்றுக்கொடுங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, நெஞ்சை விரிவாக்கி நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு அவர்கள் இறைஞ்சினார்கள். அதோடு நிற்காமல், தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள். துஆவும் வேண்டும், பக்கத்தில் அமர ஒரு துணையும் வேண்டும். தேர்வுக் காலத்துப் பிள்ளைக்குத் துணையாக அமர்வது பெற்றோரின் பொறுப்பு.

ஏப்ரலில் நடந்த இரண்டாவது மாதிரித் தேர்வில் அவள் பதின்மூன்று பெற்றாள். வாசிப்பிலும் இலக்கணத்திலும் முழு மதிப்பெண். உரையாடலில் இன்னும் தயங்குகிறாள்; எழுத்துத் தேர்விலும் நேரம் போதவில்லை. உண்மைத் தேர்வு ஜூன் மாதத்தில். முடிவு எப்படியிருக்கும் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். பதின்மூன்று பத்தாகக் குறைந்தாலும், தங்கை இனி மதரஸாவை நிறுத்தலாமா என்று கேட்கமாட்டாள் என்று நம்புகிறேன். ஏனெனில் சென்ற வாரம் அவளே, "அண்ணே, சின்னவனையும் நஹ்வு வகுப்புல சேர்த்துக்குங்க" என்றாள்.

தேர்வெழுதும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் துஆ செய்யுங்கள். வல்ல நாயன் அவர்களுடைய நெஞ்சை விரிவாக்கி, நாவை இலகுவாக்கி, கற்ற மொழிகளையெல்லாம் நன்மைக்குப் பயன்படுத்தும் நல்லோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.